விமானத்தின் மூக்கில் பத்து கிராம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். சிலர் விசாரித்து கார்டு எழுதியிருந்தீர்கள். நன்றி. உண்மையில் உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனாவைப் பிடித்தால் ஒரு வரிகூட ஓடவில்லை... அவ்வளவுதான்.

இப்போதும் ரோட்டில் பஸ் பிரேக் போடும் சத்தம் கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். என் மகள் அமுதா உள்ளே உட்கார்ந்து கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருப்பாள். தெரியும். தெரிந்தும் வருகிறேன்.

நடந்தது இதுதான். முந்தைய வாரம் சனிக்கிழமை, அமுதா வீட்டில் செய்த தெர்மாகோல் விமானம் பறந்தது. அதன் பின்னாலேயே வானத்தைப் பார்த்துக்கொண்டு அவளும் ஓடினாள். விழுப்புரம் ரோட்டின் குறுக்கே. ஒரு பஸ் அவளிடமிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றது.

அவளுக்கு முட்டியில் சிராய்ப்பு. அதுவும் பஸ் பட்டு அல்ல. பயத்தில் தானாகவே விழுந்தாள்.

பிள்ளைகள் என்றால் ஓடத்தான் செய்யும், இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. அந்த விமானத்தைப் பறக்கவைத்தது நான்தான். பறக்கவே கூடாது என்று நினைத்துச் செய்த ஒரு காரியத்தால்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் டி.வி. வாங்கினார்கள். தெருவே கூடி டி.வி.யைப் பார்த்தது. அமுதா மட்டும் அது வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். உள்ளே நான்கு மூலைக்கும் வெள்ளை வெளேரென்று தெர்மாகோல். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அடுப்பெரிக்கக்கூட ஆகாத சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கிளை நூலகத்தில் ஏதோ பழைய பத்திரிகையில் ஒரு படம் பார்த்திருக்கிறாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரட்டை இறக்கை வைத்த அந்தக் காலத்து விமானம். அதைத்தான் செய்யப்போகிறேன் என்றாள். இப்போது பறக்கிற மாதிரி ஒற்றை இறக்கை போதாதா என்று கேட்டேன்.

"ஒண்ணுன்னா ஒடிஞ்சிடுதும்மா. இது இன்னா மரமா, தெர்மாகோலு. ரெண்டு வச்சி நடுவுல குச்சி குடுத்தா ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கும்."

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். இதையெல்லாம் எங்கே கற்றாள்? ஒடித்து ஒடித்துத்தான்.

தெர்மாகோலைச் சும்மா பிளேடு வைத்து அறுத்தால் மணி மணியாக உதிர்ந்து வீடெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிளேடை மெழுகுவத்தியில் காட்டி, சூடு ஆறுவதற்குள் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டுமாம். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறக்கையின் முன்விளிம்பை உருட்டுவாள். இரண்டு இறக்கைக்கும் நடுவில் தூணாக ஊதுவத்திக் குச்சிகள். குறுக்கே இழுத்துக் கட்டத் தையல் நூல். சக்கரத்துக்கு அப்பாவின் பழைய சட்டைப் பொத்தான்.

முதல் விமானத்தை ஒட்ட, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெர்மாகோல் கரைந்து குழி விழுந்து, இறக்கை இருந்த இடத்தில் ஓட்டை. அப்புறம் தச்சர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பசைக்கு மாறினாள். அது நன்றாக இறுக ஒரு நாள் முழுக்க ஆகும். அசையாமல் காத்திருப்பாள். சோறு வடிக்க ஐந்து நிமிஷம் தாமதமானால் மட்டும் தாங்காது.

என் வீட்டுக்காரர் மதகடிப்பட்டில் மளிகைக்கடை வைத்திருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஊதுவத்தியும் நூலும் மெழுகுவத்தியும் கடையிலிருந்தே வந்துவிடும். ஊதுவத்திகளைக் கொளுத்தி முடித்த பிறகுதான் குச்சி கிடைக்கும் என்பதால், ஒரு மாதமாக எங்கள் வீட்டில் பக்தி கொஞ்சம் அதிகமாகவே மணந்தது.

பறக்கவிடுவதற்கு வீட்டுக்கு முன்னால் இருக்கும் வயல். அறுப்பு முடிந்து நெல்லின் அடித்தாள் மட்டும் நின்றது. அதில் இரண்டு முளை அடித்து, நடுவில் சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டினாள். பெரிய உண்டிவில் மாதிரி. விமானத்தின் வயிற்றில் இருக்கும் கொக்கியை அதில் மாட்டிப் பின்னால் இழுத்து விடுவாள். விர்ரென்று மேலே ஏறும்... ஒரு நொடி அப்படியே நிற்கும்... வால் கீழே இறங்கி, பின்பக்கமாகச் சரிந்து விழும். ஆறு விமானங்கள் செய்தாள். ஆறும் அப்படியே.

அவள் கவலைப்பட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏன் என்றால், அந்த வயல் முடிகிற இடத்தில் ரோடு. வில்லியனூரைத் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும் — அது ரோடு இல்லை, ஓட்டப்பந்தயம். கரும்பு லாரி, விழுப்புரம் பஸ், திருபுவனை கம்பெனிகளில் ஷிப்டு மாறும்போது வரிசையாக மோட்டார் பைக்குகள். ஆறாவது விமானத்துக்கு டியூபை இரட்டையாகக் கட்டியிருந்தாள். அது ரோட்டை ஒட்டிய வரப்பில் போய் விழுந்தது. அமுதா தலையை நிமிர்த்திக்கொண்டே ஓடினாள். விமானம் மேலே இருக்கும்போது அவளுக்குத் தரையில் எதுவுமே இல்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே? சொன்னேன். பரீட்சை வருகிறது, படிப்பு கெடும், நிறுத்திவிடு என்றேன். அவள் மார்க் அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். படிப்பு ஒன்றும் கெட்டிருக்கவில்லை. கூடவே ஒரு நோட்டையும் காட்டினாள். 'பெண் பிள்ளைகள் கையில் கரண்டியோடு ஸ்குரூ டிரைவரையும் கொடுங்கள்' என்று இதே பக்கத்தில் நான் எழுதியதை வெட்டி முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தாள்.

பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கவே கூடாது.

அந்த வாரம் கடை எடைக்கற்களுக்கு சர்க்கார் முத்திரை போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் வீட்டுக்காரர் சின்னக் கற்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் புளி போட்டுத் துலக்கித் தருவேன். வெள்ளிக்கிழமை பகல். அமுதா பள்ளிக்கூடம் போயிருந்தாள். பித்தளைக் கற்களைத் துலக்கித் துணியில் வரிசையாகக் காயவைத்தேன். ஜன்னல் மேடையில் ஏழாவது விமானம், பசை இறுகக் காத்திருந்தது. இதுவரை செய்ததிலேயே பெரியது. மூன்று மடங்கு டியூப் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

எடை ஏறினால் பறக்காது. இது யாருக்குத்தான் தெரியாது?

கொண்டை ஊசியால் மூக்குக்கு அடியில் ஒரு குழி தோண்டினேன். பத்து கிராம் கல்லை உள்ளே வைத்து அழுத்தினேன். மேலே உதிரித் தெர்மாகோலை அடைத்துப் பசை தடவி வழித்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு லேசாக இருந்தது. அடித்தேனா, திட்டினேனா? அதுவே விழும். அவளே நிறுத்திவிடுவாள்.

சிரிக்காதீர்கள். நீங்களும் செய்திருப்பீர்கள். பிள்ளைச்சாவடிக்குப் போய்க் கடலில் குளிக்கக் கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமை தோறும் மகனின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிடும் ஒரு தாயை எனக்குத் தெரியும். அந்தப் பையன் இன்றுவரை டியூப் சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கற்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பத்து கிராம் எங்கே என்றார். கடையிலேயே விட்டிருப்பீர்கள் என்றேன்.

மறுநாள் காலை. நான் வீட்டுப் பக்கம் இருக்கும் வரப்பில் நின்றேன். இரண்டடி போய் மூக்கு குத்தும், அவள் கொஞ்சம் அழுவாள், கொழுக்கட்டை செய்து கொடுத்துச் சமாதானம் பண்ணலாம் என்று வெல்லம்கூட இடித்து வைத்திருந்தேன்.

அமுதா டியூபை இழுத்துவிட்டாள். விமானம் ஏறியது. வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. மூக்கை லேசாகத் தாழ்த்திக்கொண்டது... நேராகப் போயிற்று. வயல் மேல், வரப்பு மேல், இரண்டு வெள்ளை இறக்கையிலும் வெயில் பட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல். அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும். ஒரு நொடி நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அந்த ஒரு நொடியில் அவள் பாதி வயலைத் தாண்டியிருந்தாள்.

கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். சத்தமே வரவில்லை என்று பிறகு அவள் சொன்னாள். பிரேக் சத்தம் கேட்டது. புழுதி. பஸ் கொஞ்சம் குறுக்காகத் திரும்பி நின்றது. நான் வயலைத் தாண்டி எப்படிப் போனேன் என்று தெரியவில்லை; போனபோது ஒரு காலில் செருப்பு இல்லை.

டிரைவர் கீழே இறங்கி, பஸ்ஸின் முன்னாலேயே குந்தி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. சத்தம்கூடப் போடவில்லை.

"யார் வூட்டுப் பொண்ணும்மா இது? வானத்தப் பாத்துகினு ஓடியாருது. கொஞ்சம் தண்ணி குடு."

பக்கத்துப் பம்புசெட்டிலிருந்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர் பாதி குடித்துவிட்டு, மீதியை அமுதாவிடம் நீட்டினார். ஜன்னல் வழியாக ஒரு அம்மாள், "பெத்தவ இன்னா பண்ணிகினு இருந்தா?" என்று கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். பெற்றவள் என்ன பண்ணினாள் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

பஸ் போய்விட்டது. விமானம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் தோகை மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஒரு குச்சிகூட ஒடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அமுதா அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு விழுந்தது, ஏழாவது மட்டும் ஏன் பறந்தது? மூக்கை அழுத்திப் பார்த்தவளுக்குப் பசை தடவிய இடம் தட்டுப்பட்டுவிட்டது. பிளேடால் கீறி எடுத்தாள். கல்லைப் பார்த்ததும் நேராக அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, நீதான இத வச்ச? அதான் பறந்துகீது. சொல்லவே இல்ல பாரு நீ."

அவர் கல்லை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இல்லம்மா என்று அவளிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. எடைக்கல் வேறு யாரிடம் இருக்கும்? அப்பா விளையாடுகிறார் என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவள் வெளியே போனதும் அவர் அடுப்படிக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. நாள் முழுக்கத் தராசோடு நிற்கும் மனுஷர். தராசு வைத்தே எனக்குப் புரியவைத்தார்.

"இந்தா பாரு. ஒரு தட்டு தொங்கிகினு இருந்தா நாம இன்னா பண்ணுவோம்? எதிர்த்தட்டுல கல்லு வெப்போம். அதுக்கு வாலு தொங்கிகினு இருந்திச்சி. நீ மூக்குல வச்சிட்ட. முள்ளு நேரா நின்னுபோச்சி."

வாலில் வைத்திருந்தால் விழுந்திருக்கும். மூக்கில் வைத்தேன்.

"பறக்கக் கூடாதுன்னு இவ்ளோ கரெக்டா வச்ச ஆளு நீ ஒருத்திதான்" என்றார். போகும்போது வாசற்படியில் நின்று, "நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றார்.

சொல்லவில்லை. திங்கள், செவ்வாய் போயிற்று. அவள் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைத்தாள். சயின்ஸ் டீச்சரிடம் போய்ச் சொன்னாள். நோட்டில் விமானத்தின் படம் வரைந்து, மூக்கில் ஒரு புள்ளி வைத்து, 'அப்பா வைத்த எடை' என்று எழுதினாள். நல்ல பெயர் வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது, அவருக்குப் போனால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னாள்: "சனிக்கெழம நடந்தது முழுசும் என் தப்புதான்மா. பஸ் சத்தம் கேட்டா நீ இன்னும் வாசலுக்கு ஓடியாற, எனக்குத் தெரியுது. நான் இனிமே செய்யல. அப்பா கிட்ட சொல்லிடு."

ஆறு விழுந்தும் விடாதவள். பறந்த பிறகு, எனக்காக விடுகிறாள். நான் கேட்டது இதுதானே? கைக்கு வந்துவிட்டது. பேசாமல் பின்னலை முடித்திருந்தால் போதும்.

முடிக்க முடியவில்லை. கல்லை வைத்தது நான் என்றேன்.

"நீயா? பறக்கட்டும்னா?"

"பறக்கக் கூடாதுன்னு."

பின்னல் என் கையில் இருந்தது. முன்னால் பார்த்தபடியே, "ரோட்டு மேல பயமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அத ஏம்மா சொல்லல? நீ படிப்பதான சொன்ன. நான் மார்க் கார்டு காட்டுனேன். நீ ரோட்ட சொல்லியிருந்தா முளைய மறுபக்கமா அடிச்சிருப்பேன்."

இவ்வளவுதான். இரண்டு முளைகளைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் அடித்தால் தீர்ந்துபோகிற விஷயம். நமக்குப் பயம் என்று பிள்ளைகளிடம் ஒத்துக்கொள்ள ஏனோ வாய் வருவதில்லை. படிப்பு என்கிறோம், வெயில் என்கிறோம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறோம். அவர்களும் பாவம், நாம் சொன்ன காரணத்துக்குத்தான் பதில் தேடிக்கொண்டு வருகிறார்கள். நிஜக் காரணம் நம் மடியிலேயே இருக்கிறது.

மீதிப் பின்னலை அவளே போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அவளாக என்னோடு பேசவில்லை. கதவைச் சாத்தவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். அப்பாவிடம் போய், நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டதாகச் சொன்னாளாம். அந்த இடத்தில் என்ன எழுதினாய் என்று அவர் கேட்டதற்கு, இன்னும் எதுவும் எழுதவில்லை என்றாளாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை முளை அடிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ரோட்டுக்கு முதுகைக் காட்டி, எதிர்ப்பக்கத்து ஏரிக்கரையைப் பார்க்க அடித்துக்கொண்டிருந்தாள். எட்டாவது விமானம் தயார். மூக்கில் ஒரு இரும்பு நட்டு. அதை அடைக்காமல், தெரிகிற மாதிரியே வைத்திருந்தாள். பித்தளைக் கல் முத்திரை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டது.

"காத்து திருப்பிச்சின்னா ரோட்டுப் பக்கம் வரும். நீ போயி ரோட்டோர வரப்புல நில்லு. ரெண்டு பக்கமும் பாத்து, நீ கை தூக்குனாதான் உடுவேன்" என்றாள். நான்கு நாளில் அவளாக என்னிடம் பேசிய முதல் பேச்சு.

போய் நின்றேன். இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன், மறுபடி இடது பக்கம். ஒரு மாட்டுவண்டி தூரத்தில் வந்தது. அது போகட்டும் என்று நின்றேன். "ரோடு காலியாதான்மா இருக்குது, தூக்கு" என்று வயலிலிருந்து குரல் வந்தது. இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தூக்கினேன்.

அவள் உடனே விடவில்லை. விமானத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். மூக்கை அழுத்திப் பார்த்தாள். வாலைத் தடவினாள். இரண்டு இறக்கைக்கும் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, வயலைத் தாண்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம்தான் டியூபை இழுத்தாள்.

தினமும் இப்படித்தான் நடக்கிறது. நான் ரோட்டை நம்புவதில்லை, அவள் என்னை நம்புவதில்லை; விமானம் மட்டும் நன்றாகப் பறக்கிறது.